ஆர்த்த தியானமும் அன்றாட அருளும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மகாவீரர் ஜெயந்தி நாளில், ஊர் ஜினாலயத்தில் அபிஷேகம் முடிந்து அனைவரும் கலைந்த பின், பெரியவர் ஒருவர் என்னருகே வந்து அமர்ந்தார். நிலமும் நெல் வாணிகமும் உடையவர். ஊரில் நன்மதிப்புப் பெற்றவர். தயங்கித் தயங்கி அவர் உரைத்த சொற்கள் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றன.

"ஐயா, அறிவு தெரிந்த நாள் முதல் நான் இரவில் உண்டதில்லை. வடிகட்டாத நீரைப் பருகியதில்லை. கிழங்கு வகைகளைத் தீண்டியதில்லை. சதுர்த்தசிதோறும் உபவாசம் இருக்கிறேன். ஆயினும் என் நெஞ்சு நாளெல்லாம் கொதிக்கிறது. படுத்தால் உறக்கம் வருவதில்லை. இத்தனை விரதமும் எனக்கு ஏன் அமைதி தரவில்லை?"

நூலறிவைக் கொண்டு உடனே விடை கூறிவிடலாம் என்று வாய் திறந்தேன், சொல் எழவில்லை. அக்கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று, எனக்கும் உரியதே. உண்ணும் நெறியில் சிறிதும் வழுவாத நம் இல்லங்கள் பலவற்றில் சினமும் கவலையும் உறக்கமின்மையும் குடிகொண்டிருத்தலை நாம் அறிவோம். அன்றும் அதன் பின்னரும் அவரிடம் நான் கூறியவற்றையும், அவரிடமிருந்து நான் கற்றதையும் இங்கே உங்கள்முன் வைக்கின்றேன்.

நோயின் பெயர்

இன்று மன அழுத்தம் என்று வழங்கப்பெறும் இந்நிலையை நம் ஆசாரியர்கள் நன்கறிந்திருந்தனர். தியானம் என்றவுடன் கண்மூடி அமர்ந்த முனிவரே நம் நினைவுக்கு வருகின்றார். ஜின நூல்களிலோ, மனம் ஒன்றனையே பற்றி நிற்றல் எதுவாயினும் அது தியானம் எனப்படும். நல்லதைப் பற்றி நிற்பினும் தியானமே. அல்லதைப் பற்றி நிற்பினும் தியானமே. ஆதலின் ஆர்த்தம், ரௌத்திரம், தருமம், சுக்கிலம் எனத் தியானத்தை நான்காகப் பகுத்தனர். முன்னிரண்டும் வினைக்கட்டை வளர்ப்பன. பின்னிரண்டும் வீட்டுநெறிக்குத் துணையாவன.

ஆர்த்த தியானமாவது துன்பத்தையே பற்றி உழலுதல். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் அதனை நால்வகையாக விளக்குகின்றார். விரும்பாதது வந்து சேர்ந்தால் அது என்று நீங்கும் என்றே எண்ணியிருத்தல். விரும்பியது பிரிந்தால் அது என்று மீளும் என்றே எண்ணியிருத்தல். உடல் நோவையே எண்ணியிருத்தல். இனி எய்தவேண்டிய பயனையே எண்ணி ஏங்கும் நிதானம். கடுஞ்சொல் கூறும் மேலதிகாரி, தொலைவில் வாழும் மகன், நீங்காத சர்க்கரை நோய், இன்னும் விலை போகாத நெல் என நம் கவலைகளை எண்ணிப் பாருங்கள். இந்நான்கில் அடங்காத கவலை யாது?

இவ்வுழற்சி உடலையும் விட்டு வைப்பதில்லை. இடர் எதிர்ப்படுங்கால் சிறுநீரகங்களின் மேலமைந்த அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் முதலியவற்றைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கின்றது. குருதி அழுத்தம் உயர்கின்றது. வரப்பில் பாம்பைக் கண்டு சட்டென விலகுதற்கு இவ்வேற்பாடு வேண்டும். ஆனால் பாம்பு புதருக்குள் மறைந்த பின்னும் மனம் அதனையே பற்றி நின்றால், உடலும் அடங்காமல் விழித்தே இருக்கின்றது. உறக்கம் கெடுகின்றது, உணவு செரிப்பதில்லை, சிறு சொல்லுக்கும் பெருஞ்சினம் எழுகின்றது. பெரியவர் கொதிப்பு என்று கூறியது இதனையே.

விரதம் நின்ற இடம்

"உங்கள் விரதம் பொய்யன்று, ஆனால் அது உண்கலத்தோடு நின்றுவிட்டதோ என்று பார்ப்போம்" என்றேன் பெரியவரிடம்.

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் முதலாவது கொல்லாமை. அவ்விரதம் முற்றும் கெடாமல், ஆனால் மாசுபடும் இடங்கள் ஐந்து என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறும். அவற்றை அதிசாரங்கள் என்பர். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை.

இவற்றைச் சற்றே ஊன்றி நோக்குங்கள். இவற்றுள் ஒன்றேனும் காட்டிலோ போர்க்களத்திலோ நிகழ்வதாகக் கூறப்படவில்லை. ஐந்தும் தொழுவத்திலும் களத்திலும் வீட்டிலும், நம்மைச் சார்ந்து வாழும் உயிர்களின்பால் நாம் இழைப்பவை. முன்னோர் ஏரிழுக்கும் எருதையும் ஏவல் செய்வாரையும் முதலில் எண்ணியிருப்பர். இன்று நாம் இவற்றை நம் இல்லத்துக்குள் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

கட்டுதல் கயிற்றால் மட்டும் நிகழ்வதன்று. மகள் விரும்பிய படிப்பை மறுத்து நாம் விரும்பியதில் சேர்த்தலும் ஒரு கட்டே. அடித்தல் கையால் மட்டும் நிகழ்வதன்று. பலர் முன்னிலையில் பணியாளரை இழித்துப் பேசுதலும் அடியே. அறுத்தலும் வாளால் மட்டும் நிகழ்வதன்று. பேசத் தொடங்கிய முதியவரின் சொல்லை இடையில் வெட்டுதலும் ஒருவகை அறுத்தலே.

சுமையேற்றுதலுக்குத் தொலைவில் சான்று தேட வேண்டுவதில்லை. கதிரவன் மறையுமுன் உண்ணுதல் நம் குலநெறி. அந்நெறியை வீட்டிலுள்ளார் அனைவரும் காக்கின்றோம். ஆனால் அதற்குரிய சுமை யார் தலையில் ஏறுகின்றது? அலுவலகம் சென்று மாலையில் பேருந்தில் நெரிபட்டு வரும் மருமகள், கைப்பையை வைத்த கையோடு அடுப்படிக்கு ஓடுகின்றாள். பொழுது சாயுமுன் அனைவர்க்கும் உணவு படைத்தாக வேண்டும். ஏனையோர் கடிகாரத்தைப் பார்த்தவண்ணம் அமர்ந்திருக்கின்றோம். பொழுதோடு உண்டோம் என்று மனநிறைவும் கொள்கின்றோம். அவளோ பல நாள் உண்ணாமலே எழுகின்றாள். விரதம் ஒருவருக்கு, அதிசாரம் யாருக்கு? காய் அரிந்து வைத்தலும், கலம் கழுவித் தருதலும் அவ்வீட்டு ஆடவர்க்கு இழிவன்று. அணுவிரதத்தின் மாசு துடைக்கும் செயலே ஆகும்.

ஐந்தாவதாகிய உணவு மறுத்தலுக்கு என் குற்றத்தையே சான்றாகக் கூறுகின்றேன். இளமையில் ஓர் ஆண்டு மணிலா மூட்டைகளை எடைபோடும் பொறுப்பு என்னிடம் வந்தது. கணக்கு இருமுறை பிழைபட்டது. வெயில் ஏறிற்று, என் சினமும் ஏறிற்று. மூட்டை தூக்கிய முதியவர் ஒருவர், "சாமி, கூழ் குடித்துவிட்டு வருகிறோம்" என்றார். "கணக்கு முடியட்டும்" என்று கூறி நிறுத்தினேன். திண்ணையில் இருந்து இதனைக் கண்ட என் பாட்டியார் எழுந்து வந்தார். அவர் பள்ளி சென்றவரல்லர்.

"காலையில் துணி கட்டித் தண்ணீர் வடித்தாயே, அதில் எத்தனை உயிர் பிழைத்ததென்று கண்டாயா? கண் முன்னே நிற்கிற உயிரை உச்சி வெயிலில் காய வைக்கிறாயே!" என்றார்.

அவர்கள் உண்ணச் சென்றனர். நானும் நிழலில் அமர்ந்து நீர் பருகினேன். மீண்டு வந்தபின் கணக்கு ஒரே முறையில் நேரானது. கணக்கைக் கெடுத்தது என் சினமே என்பதும், அவர்களுக்கு யான் மறுத்த ஓய்வையே எனக்கும் மறுத்திருந்தேன் என்பதும் அன்று விளங்கின. பிறர்மேல் அளவுக்கு மீறிச் சுமையேற்றுவான் தன்மேலும் ஏற்றிக்கொண்டே இருக்கின்றான்.

அருள் எவ்வாறு அழுத்தத்தைத் தணிக்கும்?

ஆர்த்த தியானத்தின் நான்கு வகையிலும் நடுநின்று ஒலிக்கும் சொல் 'எனக்கு' என்பது. எனக்கு வந்தது, என்னை விட்டுச் சென்றது, எனக்கு நோகின்றது, எனக்கு வேண்டும். மனத்தை அப்பிடியிலிருந்து வெறுங்கையால் இழுத்தால் அது வாராது. பற்றிக்கொள்ள அதற்கு வேறொன்று தருதல் வேண்டும். எதிரே நிற்பவரின் பசியோ, களைப்போ, தயக்கமோ கண்ணில் படும் அக்கணத்தில் மனம் தன்னை விட்டுச் சற்றே வெளியே வருகின்றது. அச்சிறு நகர்வே தரும தியானத்தின் வாயிற்படி.

எவரிடம் எவ்வாறு ஒழுகுவது என்பதற்கும் நம் நூல்கள் நான்கு பாவனைகளைத் தந்துள்ளன. எல்லா உயிரிடத்தும் மைத்திரி எனும் நட்பு. குணத்தால் உயர்ந்தாரிடம் பிரமோதம் எனும் மகிழ்ச்சி. துன்புறுவாரிடம் காருண்யம் எனும் இரக்கம். திருந்த மறுப்பாரிடம் மாத்தியஸ்தம் எனும் நடுநிலை. இவை ஒவ்வொன்றும் ஒரு தனி நோய்க்கு மருந்தாதலைக் காண்க. அண்டை வீட்டார் மகன் தேர்வில் முதன்மை பெற்றான் என்று கேட்டு நெஞ்சு புழுங்குவார்க்குப் பிரமோதமே மருந்து. அவ்வீட்டுக்குச் சென்று மனமாரப் பாராட்டி வருக. புழுக்கம் பாதி குறையும். எத்துணை கூறினும் வம்புக்கே வருவாரிடம் மாத்தியஸ்தம் வேண்டும். அருளுடைமை என்பது எல்லார் காலடியிலும் வீழ்ந்து கிடத்தலன்று. பகை கொள்ளாமல் விலகி நிற்றலும் அருளே.

அண்மைக்கால ஆய்வொன்றும் இதனோடு ஒத்து நிற்கின்றது. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 77 பேர், 14 நாள்கள், தமக்கு நேர்ந்த இடுக்கண்களையும் தாம் பிறர்க்குச் செய்த சிறு உதவிகளையும் நாள்தோறும் குறித்து வந்தனர். பிறருக்காகக் கதவைத் திறந்து பிடித்தல், உதவி வேண்டுமா என்று வினவுதல் போன்ற எளிய செயல்களே அவை. மிகுதியாக உதவிய நாள்களில், நேர்ந்த இடுக்கண் அவர்தம் மனநிலையைக் குறைவாகவே தாக்கியது எனக் கண்டனர். இடுக்கண் வாராமல் போகவில்லை; வந்தது ஆழப் பாயவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 'நான் இத்துணை செய்தேன், அவன் நன்றி கூறவில்லையே' என்று எண்ணத் தலைப்பட்டால், அது ஆர்த்த தியானத்தின் நான்காம் வகையாகிய நிதானமே. மருந்தே நோயாகிவிடும். செய்தவுடன் மறத்தலும் அச்செயலின் ஒரு பகுதி என்று கொள்க. மற்றொன்று: சோர்வும் உறக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடிக்குமாயின், வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் தலைகாட்டுமாயின், மருத்துவரை நாடுதல் விரதத்துக்கு இழுக்கன்று. உடல் நோய்க்கு மருந்துண்ணும் நாம் உள்ள நோய்க்கு மட்டும் நாணுவதேன்?

சிறு நியமம்

நன்று; இவ்வருளைப் பழக்கமாக்குவது எங்ஙனம்? நம் நெறியில் சிக்ஷா விரதங்கள் என நான்கு உள்ளன. சிக்ஷை என்றால் பயிற்சி. ஒரே நாளில் முனிவராகுமாறு நம் ஆசாரியர் இல்லறத்தாரைப் பணிக்கவில்லை. சிறிது சிறிதாகப் பயிலுமாறு பணித்தனர். அவற்றுள் ஒன்றாகிய சாமாயிகத்துக்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், ஒதுக்கும் வழக்கம் உண்டு. சமந்தபத்திர ஆசாரியரின் ரத்னகரண்ட சிராவகாசாரம் துறத்தலை இரண்டாகப் பிரிக்கின்றது. வாழ்நாள் முழுதும் காப்பது யமம். காலவரையறை செய்துகொண்டு காப்பது நியமம். 'இனி ஒருபோதும் சினவேன்' என்று யமம் பூண்டு மறுநாளே உடைப்பதினும், அடுத்த சதுர்த்தசி வரை இவ்வொன்றைக் காப்பேன் என்று நியமம் பூணுதல் நமக்கு ஏற்றது.

பெரியவர் ஒரு நியமம் பூண்டார். காலையில் களத்துக்கு வருவோரிடம் வேலையைப் பற்றிப் பேசுமுன், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துச் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பது. அவ்வளவே. முதல் சில நாள்கள் அவருக்கே கூச்சமாயிருந்ததாம், கேட்கப்பட்டவர்களும் திகைத்தனராம். ஒன்பதாம் நாள், வண்டி வரக் காலம் தாழ்ந்த எரிச்சலில் நியமத்தை மறந்து எல்லாரையும் ஏசிவிட்டார். அன்று மாலையே என்னிடம் வந்து, "ஐயா, நியமம் உடைந்துவிட்டது, இனி என்னால் ஆகாது" என்றார்.

"உடையவில்லை; அழுக்குப் பட்டிருக்கிறது" என்றேன். விரதத்தில் மாசு படுதல் அதிசாரம். விரதத்தையே கைவிடுதல் அநாசாரம். இவ்விரண்டையும் நம் நூல்கள் வேறு பிரித்தே வைத்தன. அதிசாரத்துக்குப் பிரதிக்கிரமணம் உண்டு. பிரதிக்கிரமணம் என்றால் திரும்பி வருதல். தவற்றை நினைந்து, வருந்தி, விட்ட இடத்துக்கே மீளுதல். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் இதழில் வெளியிட்ட ஆய்வும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. புதிய செயலொன்று தானாக நிகழும் பழக்கமாதற்குச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் வேரூன்றுவதைப் பெரிதும் தடுக்கவில்லை. ஆகவே ஒரு நாள் வழுக்கியவர் அஞ்ச வேண்டுவதில்லை. எழாமல் கிடப்பவரே அஞ்ச வேண்டும். பெரியவர் மறுநாள் காலை அவர்களிடம் வருத்தம் தெரிவித்து, மீண்டும் பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கினார். சதுர்த்தசி வந்தது, நியமத்தை அடுத்த சதுர்த்தசிக்கு நீட்டினார். இவ்வாறே ஐந்து திங்கள் சென்றன.

கல்லில் கீறிய கோடு

சினத்தை நம் ஆசாரியர்கள் நான்கு கோடுகளுக்கு ஒப்பிடுவர். கல்லில் கீறிய கோடு, மண்ணில் கீறிய கோடு, மணலில் கீறிய கோடு, நீரில் கீறிய கோடு. நீர்க்கோடு ஒரு முகூர்த்தத்துக்குள் மறையும். மணற்கோடு ஒரு பட்சம் நிற்கும். மண்கோடு ஆறு திங்கள் நிற்கும். கற்கோடோ அதனையும் கடந்து, பிறவி பலவற்றிலும் தொடரும். கமடன் தன் தம்பி மருபூதியின்பால் கொண்ட பகை எத்தகையது? பிழை பொறுக்க வேண்டி அடிபணிந்த தம்பியின் தலைமேல் கல்லை வீழ்த்தினான். பிறவிதோறும் அப்பகையைச் சுமந்தான். மருபூதியோ அப்பிறவிகளில் உயர்ந்து உயர்ந்து பார்சுவநாதராய்த் திகழ்ந்தார். கழுகுமலைப் பாறையில் நாகம் குடைபிடிக்க நிற்கும் அப்பெருமானின் திருவுருவைக் கண்டவர்கள், அம்முகத்தின் அமைதியை மறவார். அத்தனை பிறவியிலும் அமைதியற்றிருந்தவன் யார்? பகைக்கப்பட்டவரல்லர், பகைத்தவனே.

இக்கதையை ஒருமுறை பெரியவரிடம் கூறியபோது அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு தாழ்ந்த குரலில், "எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான்" என்றார். கூட்டுக் கிணற்றின் முறைநீர் பற்றிய வழக்கில் பதினொரு ஆண்டுகளாகப் பேச்சில்லை. ஒரே தெரு, எதிரெதிர் வீடு. அவர் உறக்கத்தைக் கெடுத்தது நெல் விலையன்று என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. போகச் சொல்லி நான் அவரை வற்புறுத்தவில்லை. தெருவில் எதிர்ப்படும்போது முகம் திருப்பாதிருத்தலை அடுத்த நியமமாகக் கொள்ளலாம் என்று மட்டும் கூறினேன்.

அவ்வாண்டு தசலட்சணப் பருவம் நிறைவுற்றுக் க்ஷமாவணி நாள் வந்தது. பிழை பொறுக்குமாறு அனைவரிடமும் வேண்டும் அந்நாளில் நாம் பெரும்பாலும் யாரிடம் செல்கின்றோம்? பகையில்லாதவரிடமே சென்று பொறுத்தருளுமாறு கேட்டு மகிழ்ந்து திரும்புகின்றோம். பெரியவர் தெருவைக் கடந்து தம்பியின் வீட்டுத் திண்ணையில் ஏறினார். "பதினொரு ஆண்டாக உன்னைப் பற்றித் தீயதே நினைத்திருந்தேன், பொறுத்துக்கொள்" என்றார். தம்பி ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே சென்றுவிட்டார். தம்பியின் மனைவி ஒரு செம்பு நீர் கொணர்ந்து வைத்தார். பெரியவர் அதனைப் பருகிவிட்டு வந்தார்.

"அவன் பேசவில்லை ஐயா, கிணற்று வழக்கும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அன்றிரவு நான் உறங்கினேன்" என்றார் என்னிடம்.

அறவோர்களே! நீரை வடிகட்டும் துணி நம் வீடுதோறும் இருக்கின்றது. அதனை அவிழ்த்துவிட வேண்டா. அதே விழிப்பைச் சொல்லுக்கும் பார்வைக்கும் ஏவலுக்கும் நீட்டுவோம். இன்று மாலையே ஒரு சிறு நியமம் பூணுங்கள். யார்மேல் அளவுக்கு மீறிச் சுமையேற்றியுள்ளோம் என்று வீட்டுக்குள் ஒருமுறை நோக்குங்கள். அச்சுமையில் ஒரு கைப்பிடியேனும் இறக்குங்கள். அடுத்த சதுர்த்தசி வரை காத்துப் பாருங்கள். தவறினால் திரும்பி வாருங்கள். பிறர்க்கு இறக்கிய சுமை நம் நெஞ்சிலிருந்தும் இறங்குதலை நீங்களே உணர்வீர்கள்.

எல்லா உயிரும் இன்புறுக! அறம் வளர்க! ஜினதருமம் ஓங்குக!